கோல் போட்டவர் வேறு, பந்து கொடுத்தவர் டாமி மெக்லேன்

ஸ்காட்லாந்துக் கால்பந்தில் ஆகக் குறைந்த தூரத்திலிருந்து விழுந்த கோல் எது என்று கிளாஸ்கோவில் ஒரு வயதான ரசிகரைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார். 1973 மே 5, ஹாம்ப்டன் பார்க், ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப்போட்டி. ரேஞ்சர்ஸ் 2, செல்டிக் 2. மைதானத்தில் 1,22,000 பேருக்கு மேல். டெரக் ஜான்ஸ்டன் தலையால் முட்டிய பந்து ஒரு கம்பத்தில் பட்டு, கோல் கோட்டை ஒட்டியே சோம்பேறித்தனமாக உருண்டு, மறு கம்பத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே டாம் ஃபோர்சைத் என்ற முரட்டு டிஃபெண்டர் நிற்கிறார். அவர் பந்தை உதைக்கக்கூட இல்லை, பூட்ஸின் அடியால் மிதித்து உள்ளே தேய்த்துவிட்டார், அதையும் தவறவிட்டிருப்பார், நூலிழையில் பட்டது. கோப்பை ரேஞ்சர்ஸுக்கு. ஃபோர்சைத்தின் பெயர் நிலைத்துவிட்டது. ஜான்ஸ்டனையும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பந்து ஜான்ஸ்டன் தலைக்கு எங்கிருந்து வந்தது? வலது பக்கத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக். அதை எடுத்தவர் ஐந்தரை அடி உயரம்கூட இல்லாத ஒரு விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஆடுபவர், டாமி மெக்லேன்.

எழுத்தைப் பார்த்தால் மெக்லீன் என்றுதான் படிக்கத் தோன்றும், ஸ்காட்லாந்துக்காரர்கள் மெக்லேன் என்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கப் படிக்க இந்த ஃப்ரீ கிக் மாதிரியான காட்சிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. லீக் பட்டம் வென்ற நாளிலும் இப்படி ஒரு பந்து, மூன்று கோப்பைகளையும் ஒரே சீசனில் வென்ற ஆண்டிலும் இப்படி ஒரு பந்து. அப்புறம் மேனேஜராகி ஒரு சின்ன ஊர் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், அன்றைக்கும் செய்தி அவரைப் பற்றி மட்டும் இல்லை, அவருடைய அண்ணனைப் பற்றியும்தான். நல்ல இடத்தில் பந்தை வைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர் பயிற்சி நாற்காலியில் உட்கார்ந்தபோதும் அதையேதான் செய்தார் என்பது என் எண்ணம். அதனால்தான் ஸ்காட்லாந்து மேனேஜர்கள் என்று பேச்சு எடுத்தால் ஃபெர்குசன், ஸ்டீன், ஷாங்க்லி என்று போய்விட்டு இவரை யாரும் சொல்வதில்லை.

முதலில் விங்கர் என்றால் ஸ்காட்லாந்தில் என்ன அர்த்தம் என்று பார்க்க வேண்டும். அங்கே 'டானர் பா' ஆட்டக்காரர் என்று ஒரு சொல் உண்டு. டானர் என்றால் பழைய கணக்கில் ஆறு பென்னி நாணயம், அந்த விலைக்கு வாங்கிய சின்ன ரப்பர் பந்தை வைத்துத் தெருவில் ஆடிப் பழகியவன் என்று பொருள். சின்ன உருவம், காலில் ஒட்டிக்கொண்ட பந்து, மூன்று பேரைத் தாண்டிவிட்டு நாலாவது ஆளுக்காகத் திரும்பி வந்து அவரையும் ஏமாற்றும் குறும்பு. செல்டிக்கின் ஜிம்மி ஜான்ஸ்டன் அப்படி, ரேஞ்சர்ஸின் வில்லி ஹெண்டர்சன் அப்படி. ரசிகர்கள் கொடுத்த காசுக்கு அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

டாமி மெக்லேன் உருவத்தில் அந்த வகை, ஆட்டத்தில் வேறு வகை. ஒரு டிஃபெண்டரைத் தாண்ட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. பந்தைச் சற்று ஒதுக்கி, தலையை நிமிர்த்தி, பெனால்டி பாக்ஸில் யார் எங்கே ஓடுகிறார் என்று பார்த்து, அரை அடி இடைவெளி கிடைத்தால் போதும், கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து, போய்விடும். பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் இதைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஒரு குள்ளமான ஆள் நிற்கிறார், காலை வீசுகிறார், அடுத்த நொடி வேறு யாரோ கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

அவர் பிறந்தது 1947 ஜூன் 2. கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே லானார்க்‌ஷயர் மாவட்டத்தில், லார்க்ஹாலை ஒட்டிய ஆஷ்கில் என்ற சிற்றூர் அந்தக் குடும்பத்துக்கு. அப்பா பேக்கரித் தொழிலாளி. வீட்டில் கண்டிப்பான கிறிஸ்தவச் சூழல், பிளிமத் பிரதரன் என்ற பிரிவு. மூன்று பையன்கள்: வில்லி, ஜிம், டாமி. ஜிம் 1937இல் பிறந்தவர், தச்சுத் தொழில் கற்றவர், டாமிக்குப் பத்து வயது மூத்தவர். மூவருமே ஆட்டக்காரர்கள் ஆனார்கள், மூவருமே மேனேஜர்கள் ஆனார்கள். இதில் ஜிம்தான் உலகத்துக்குத் தெரிந்தவர், டண்டீ யுனைடெட்டை இருபது வருடத்துக்கு மேல் கட்டி ஆண்டவர், கோபத்துக்குப் பேர்போனவர். அவரைப் பற்றிப் பின்னால் வேண்டியிருக்கும், இப்போதைக்கு அண்ணன் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாமி பதினாறு, பதினேழு வயதிலேயே கில்மார்னக் அணிக்கு வந்துவிட்டார். அங்கே மேனேஜர் வில்லி வாடெல். இந்த வாடெல் யார் என்றால் அவரும் ஒரு காலத்தில் ரேஞ்சர்ஸின் வலது விங்கர், ரசிகர்கள் கொண்டாடிய ஆள். ஓரத்தில் ஆடியவர்கள் நல்ல மேனேஜர் ஆவதில்லை, மத்தியில் நின்று ஆட்டம் முழுவதையும் பார்த்தவர்களே ஆவார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டே, அதற்கு எதிர்சாட்சியைப் பையன் தன் முதல் மேனேஜரிடமே பார்த்துவிட்டான்.

1964-65 சீசனின் கடைசி நாள், ஏப்ரல் 24. லீக்கில் முதலிடத்தில் இருப்பது எடின்பரோவின் ஹார்ட்ஸ், இரண்டு புள்ளி பின்னால் கில்மார்னக், இரண்டு அணிகளும் ஹார்ட்ஸின் சொந்த மைதானமான டைன்காசிலில் நேருக்கு நேர் மோதுகின்றன. அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். கில்மார்னக் ஜெயித்தால் மட்டும் போதாது, 2-0 என்று ஜெயிக்க வேண்டும், 1-0 என்றால் பட்டம் ஹார்ட்ஸுக்கு. ஆரம்பத்திலேயே ஹார்ட்ஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் 17 வயது மெக்லேன் வலது பக்கத்திலிருந்து ஒரு கிராஸ் கொடுக்கிறார், டேவி ஸ்னெடன் தலையால் முட்டி 1-0. சில நிமிடத்திலேயே பிரையன் மெக்கில்ராய் இரண்டாவது. மீதி ஒரு மணி நேரம் தாக்குப் பிடித்தார்கள். கில்மார்னக் தன் வரலாற்றில் வென்ற ஒரே லீக் பட்டம் அது.

இதில் ஒரு கணக்கு வேடிக்கை இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. புள்ளி சமமானால் அந்தக் காலத்தில் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். கில்மார்னக் அடித்தது 62, வாங்கியது 33. ஹார்ட்ஸ் 90 அடித்து 49 வாங்கியிருந்தது. வகுத்தால் 1.879, 1.837. வித்தியாசம் 0.042. இப்போதைய மாதிரி கழித்துப் பார்த்திருந்தால் ஹார்ட்ஸ் 41, கில்மார்னக் 29, ஹார்ட்ஸ் எளிதாக சாம்பியன் ஆகியிருக்கும். பிற்பாடு விதி மாறியது, வகுத்தல் போய்க் கழித்தல் வந்தது. 1985-86இல் ஹார்ட்ஸும் செல்டிக்கும் கடைசி நாளில் புள்ளி சமமானபோது கழித்துப் பார்த்தார்கள், செல்டிக்குக்குப் பட்டம் போனது. அந்த ஆண்டு பழையபடி வகுத்திருந்தால் ஹார்ட்ஸ் ஜெயித்திருக்கும்! நேரம் சரியில்லை என்றால் கூட்டலும் கழித்தலும்கூட எதிரிதான்.

கில்மார்னக்கில் அந்தப் பையன் ஐரோப்பாவையும் பார்த்துவிட்டான். 1964இல் ஐன்ட்ராக்ட் பிராங்க்ஃபர்ட்டிடம் ஜெர்மனியில் 3-0 என்று தோற்றுவிட்டு ஊருக்கு வந்து 5-1 என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ரியல் மாட்ரிட் ஊருக்கே வந்தது, 2-2, அதில் ஒன்று மெக்லேன் போட்ட பெனால்டி. மாட்ரிட்டில் 5-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், அது போகட்டும். 1968க்கும் 1971க்கும் நடுவில் ஸ்காட்லாந்துக்காக 6 ஆட்டம் ஆடினார். ஆறும் கில்மார்னக்கில் இருந்தபோது. ரேஞ்சர்ஸுக்குப் போய் இதைவிடப் பெரிய கோப்பைகளை வென்ற பிறகு ஒருமுறைகூடத் தேசிய அணியில் ஆடவில்லை, இது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். இரண்டு சீசன் அண்ணன் ஜிம்மும் அதே கில்மார்னக்கில் ஆடினார், ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் காலத்தில்.

1971 கோடையில் ரேஞ்சர்ஸ் அவரை வாங்கியது. வாங்கியவர் யார்? அதே வாடெல். கில்மார்னக்குக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த கையோடு விலகி, பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்து, 1969 கடைசியில் ரேஞ்சர்ஸ் மேனேஜராக வந்திருந்தார். 1971 ஜனவரி 2ஆம் தேதிதான் ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தின் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்திருந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்து கிளப்பை நிமிர்த்த வேண்டிய பொறுப்பு வாடெலின் தலையில். மெக்லேனுக்கு வேறு ஒரு சுமை: வலது ஓரத்தில் ஹெண்டர்சன் இடத்துக்கு வருகிறார். ரசிகர்களின் செல்லப் பிள்ளையை எடுத்துவிட்டு, தந்திரம் எதுவும் காட்டாத ஓர் ஆளைப் போட்டால் முணுமுணுப்பு வராமல் இருக்குமா?

முதல் சீசனிலேயே பதில் கிடைத்தது. 1972 மே 24, பார்சிலோனாவின் கேம்ப் நூ, ஐரோப்பிய நாடுகளின் கோப்பை வென்ற அணிகள் மோதும் கப் வின்னர்ஸ் கோப்பை இறுதிப்போட்டி, ரேஞ்சர்ஸ் 3, டைனமோ மாஸ்கோ 2. வலது ஓரத்தில் மெக்லேன். ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து, போலீஸோடு மோதல் வெடித்து, கோப்பையைக் களத்தில் வைத்துக் கொடுக்க முடியாமல் உள்ளே ஓர் அறையில் வைத்துக் கொடுத்தார்கள். ரேஞ்சர்ஸ் வென்ற ஒரே ஐரோப்பியக் கோப்பை இதுதான், அதைக் கூட்டத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டும் பாக்கியம் ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. ரேஞ்சர்ஸுக்கு ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுத் தடை விழுந்தது, பிறகு ஓராண்டாகக் குறைந்தது.

அப்புறம் மேனேஜர் ஜாக் வாலஸ் காலம். முன்னாள் ராணுவக்காரர், ஆட்டக்காரர்களைக் கடற்கரை மணல்மேட்டில் ஓடவிட்டு வாந்தி எடுக்க வைப்பவர். 1975இல் செல்டிக்கின் ஒன்பது வருடத் தொடர் லீக் ஆதிக்கம் முடிந்தது. 1975-76இலும் 1977-78இலும் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை மூன்றுமே ரேஞ்சர்ஸுக்கு. 1976 கோப்பை இறுதிப்போட்டி ஹார்ட்ஸுக்கு எதிராக. ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டும், நடுவர் கொஞ்சம் முன்னதாகவே விசில் ஊதிவிட்டார். மெக்லேன் ஒரு ஃப்ரீ கிக் எடுக்கிறார், டெரக் ஜான்ஸ்டன் தலையால் முட்டுகிறார், கோல். கடிகாரத்தில் மணி இன்னும் மூன்று ஆகவில்லை! ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்துக்கு முன்பே இறுதிப்போட்டியில் கோல் போட்டவர் என்று ஜான்ஸ்டனைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். ஃப்ரீ கிக் எடுத்தவரை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று கேட்கவா வேண்டும்.

1977இல் இடது ஓரத்துக்கு டேவி கூப்பர் என்ற இளைஞர் வந்தார். கூப்பர் அசல் டானர் பா வகை, இடது காலில் மந்திரம் வைத்திருந்தவர், மனம் வந்தால் ஆடுவார். வலது பக்கம் மெக்லேன் கணக்குப் போட்டுப் பந்து தர, இடது பக்கம் கூப்பர் கணக்கைக் கலைத்துப் பந்து தர, நடுவில் ஜான்ஸ்டன் முட்டித் தள்ளிய ஆண்டு அது. இந்தக் கூப்பரும் பின்னால் வருவார்.

1982இல் பூட்ஸைக் கழற்றிவிட்டு மெக்லேன் ரேஞ்சர்ஸிலேயே பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். 1983 அக்டோபர் கடைசியில் மேனேஜர் ஜான் கிரெய்க் ராஜினாமா செய்ய, தற்காலிகப் பொறுப்பு மெக்லேனிடம் வந்தது. கிளப் நிரந்தர ஆள் தேடியது. அபர்டீனில் இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனைக் கேட்டார்கள், மறுத்தார். அடுத்து யாரைக் கேட்டார்கள் தெரியுமா? சில மாதங்களுக்கு முன்னால்தான் டண்டீ யுனைடெட்டுக்கு முதல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்த ஜிம் மெக்லேனை. தம்பி உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அண்ணனுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். அவரும் மறுத்தார். கடைசியில் பழைய ஜாக் வாலஸே திரும்பி வந்தார். தம்பியை யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பேசாமலே இருந்திருக்கவும் கூடும், அந்தப் பக்கத்து மனிதர்கள் அப்படி.

மெக்லேன் நேரே மார்ட்டன் என்ற சின்ன கிளப்புக்குப் போய், அதே சீசனில் அதை முதல் டிவிஷன் (பெயர்தான் முதல், உண்மையில் அது இரண்டாம் தட்டு) சாம்பியனாக்கி மேலே ஏற்றினார். கூடவே உதவியாளர் டாம் ஃபோர்சைத். ஆமாம், அந்த மிதித்துத் தேய்த்த கோல்காரர்தான். பந்து கொடுத்தவரும் வாங்கியவரும் பிறகு மதர்வெல்லிலும் ஹார்ட்ஸிலும்கூட ஒன்றாகவே இருந்தார்கள்.

1984இல் மதர்வெல். இவருடைய கதையின் நடு மையம் இதுதான், பத்து வருடம். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை: மதர்வெல் இரும்பு எஃகு ஊர், ரேவன்ஸ்கிரெய்க் ஆலைதான் ஊரின் அடுப்பு, கிளப்புக்குச் செல்லப்பெயரே எஃகு ஆட்கள் என்பதுதான். மெக்லேன் வந்தபோது அணி கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டிருந்தது, கையில் பணம் கிடையாது. பல வருடம் முன்னால் இதே கிளப்பில் மூத்த அண்ணன் வில்லி மேனேஜராக இருந்திருக்கிறார், ஆக நாற்காலி குடும்பத்துக்குப் புதிதில்லை.

முதல் சீசனிலேயே சாம்பியனாகி மேலே வந்தார்கள். வந்த உடனே கேரி மெக்காலிஸ்டரை லெஸ்டருக்கு விற்றார்கள். பின்னால் லீட்ஸ், லிவர்பூல் என்று போன அதே மெக்காலிஸ்டர்தான். விற்றால்தான் சம்பளம் போட முடியும் என்ற நிலை. 1985-86இல் பத்து அணி லீக்கில் ஒன்பதாவது, முறைப்படி மறுபடி கீழே போயிருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து லீக்கைப் பன்னிரண்டு அணியாக விரிவாக்கினார்கள், தப்பித்தார்கள். அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம், ஆனால் அதிர்ஷ்டம் கிடைத்த பிறகு அதை வீணாக்காமல் எட்டு வருடம் மேல் டிவிஷனிலேயே நிறுத்தியது மேனேஜர் வேலை. கிராஸுக்குப் பெயர் போனவர் கட்டிய அணி கலகலப்பாக ஆடியிருக்கும் என்று நினைப்போம். இல்லை. முதலில் கோல் வாங்காதே, பிறகு பார்க்கலாம் என்பதுதான் ஆரம்ப வருடங்களின் பாடம். பணமில்லாத அணிக்கு வேறு வழியும் இல்லை என்பேன்.

கொஞ்சம் மூச்சு வந்த பிறகுதான் அழகு சேர்த்தார். 1989இல் ரேஞ்சர்ஸிலிருந்து டேவி கூப்பரை 50,000 பவுண்டுக்கு வாங்கினார். கூப்பருக்கு வயது 33. முடிந்துபோன ஆள் என்று பலரும் நினைத்தார்கள். எதிர்ப்பக்கத்து விங்கருக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று இந்த விங்கருக்குத் தெரிந்திருந்தது. கூப்பர் மறுபடி ஸ்காட்லாந்து அணிக்கே போனார். இந்தப் பக்கம் கிளப் வளர்த்த பிள்ளைகள்: இடது பக்க டிஃபெண்டர் டாம் பாய்ட் கேப்டன், நடுக்களத்தில் பதின்ம வயது ஃபில் ஓ'டானல்.

1991. ஸ்காட்டிஷ் கோப்பை. முதல் ஆட்டமே அபர்டீனின் மைதானத்தில், அவர்கள்தான் நடப்பு சாம்பியன். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஸ்டீவ் கிர்க் கோல் போட 1-0. காலிறுதியில் மார்ட்டன், மெக்லேனின் பழைய கிளப், மறு ஆட்டமும் சமமாகி பெனால்டியில்தான் தாண்டினார்கள். அரையிறுதி செல்டிக், முதலில் 0-0, மறு ஆட்டத்தில் 4-2, அதில் காலின் ஓ'நீல் தொலைவிலிருந்து அடித்த ஒரு கோலை இன்றும் மதர்வெல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு விவரிப்பார்கள். இறுதிப்போட்டியில் எதிரே வந்து நின்றது டண்டீ யுனைடெட். மேனேஜர் ஜிம் மெக்லேன்.

பத்திரிகைகள் 'குடும்ப இறுதிப்போட்டி' என்று பெயர் வைத்துக் குதூகலித்தன. ஆனால் ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு அந்தக் குடும்பத்தின் அப்பா இறந்துவிட்டார். அந்த துக்கத்தோடுதான் மே 18ஆம் தேதி இரண்டு பிள்ளைகளும் ஹாம்ப்டனில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜிம்முக்கு வேறு வேதனையும் உண்டு, அதற்கு முன் ஐந்து முறை இந்தக் கோப்பையின் இறுதிக்கு வந்து ஐந்து முறையும் தோற்றவர். மதர்வெல் கடைசியாக இதை வென்றது 1952இல்.

57,319 பேர் பார்த்த அந்த ஆட்டம் ஸ்காட்டிஷ் கோப்பையின் மிகச் சிறந்த இறுதிப்போட்டிகளில் ஒன்று என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். மதர்வெல்லின் இயன் ஃபெர்குசன் முட்டி 1-0. இடைவேளைக்குப் பிறகு மதர்வெல் கோல்கீப்பர் ஆலி மேக்ஸ்வெல் மீது யுனைடெட்டின் ஜான் கிளார்க் மோதினார். கிளார்க் மலை மாதிரி ஆள். மேக்ஸ்வெல் சுருண்டு விழுந்தார், மருத்துவ உதவிக்குப் பிறகு எழுந்தார், ஆடினார். விலா எலும்பு முறிந்து மண்ணீரலும் கிழிந்திருக்கிறது என்று ஆட்டம் முடிந்து மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்போது மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டே பேர், அதில் ஓர் இடத்தை கோல்கீப்பருக்கு ஒதுக்குவது அரிது, ஆகவே அவர் நின்றே ஆக வேண்டியிருந்தது. வலியில் கண் சரியாகத் தெரியாமல், நிமிர முடியாமல் நின்றார்.

யுனைடெட்டின் டேவ் போமன் 1-1 ஆக்கினார். ஃபில் ஓ'டானல் பாய்ந்து விழுந்து தலையால் முட்டி 2-1, கூட்டத்துக்கு நடுவில் பூட்ஸ்கள் தலையைச் சுற்றிப் பறக்கும் இடத்தில், இளங்கன்று பயமறியாது என்பதற்குப் படம் போட வேண்டுமென்றால் அந்தப் படத்தைப் போடலாம். இயன் ஆங்கஸ் தரையோடு அடித்து 3-1. இரண்டு நிமிடத்தில் யுனைடெட்டின் ஜான் ஓ'நீல் 3-2. கடைசி நிமிடம் வந்துவிட்டது, மதர்வெல் ரசிகர்கள் விசிலுக்குக் காத்திருக்கிறார்கள். யுனைடெட் கோல்கீப்பர் பந்தை நெடுந்தூரம் உதைக்கிறார், காயத்தோடு முன்னே வந்த மேக்ஸ்வெல் கணிக்கத் தவறுகிறார், டேரன் ஜாக்சன் அவரை முந்தித் தலையால் தொடுகிறார், 3-3.

கூடுதல் நேரம் தொடங்கி நான்கு நிமிடம். மதர்வெல்லுக்கு ஒரு கார்னர். எடுக்கப் போவது டேவி கூப்பர், 35 வயது. வளைந்து வந்த பந்தை யுனைடெட் கோல்கீப்பர் பிடிக்கப் பாய்ந்து தவறவிட, பின் கம்பத்தில் நின்ற ஸ்டீவ் கிர்க் தலையால் தட்டிவிடுகிறார். 4-3. மாற்று ஆட்டக்காரராக வந்த கிர்க்குக்கு இதற்கென்றே ஒரு ராசி. கடைசி வினாடிகளில் மாரிஸ் மல்பாஸ் அடித்த பந்தை, அந்த மேக்ஸ்வெல், அந்த உடம்போடு, எம்பித் தட்டி மேலே அனுப்பினார்.

ஜிம்முக்கு ஆறாவது தோல்வி. 1993இல் அவர் மேனேஜர் பொறுப்பை விட்ட மறு வருடமே யுனைடெட் இதே கோப்பையை வேறொருவர் தலைமையில் வென்றது, என்ன சொல்ல. மதர்வெல்லுக்கோ 39 வருடக் காத்திருப்பு முடிந்தது. அடுத்த ஆண்டு, 1992 ஜூனில், ரேவன்ஸ்கிரெய்க் ஆலை மூடப்பட்டது. ஊரின் அடுப்பு அணைவதற்கு முன் கடைசியாக ஒரு நல்ல நாள் என்று அந்தக் கோப்பையை அங்குள்ளவர்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

வெற்றி அணியை உடைக்கும், சின்ன ஊரில் இன்னும் சீக்கிரம் உடைக்கும். பாய்ட் உடனே செல்சீக்குப் போனார். ஐரோப்பாவில் போலந்தின் கட்டோவிச்சே அணியிடம் முதல் சுற்றிலேயே, மொத்தக் கோல் சமமாகி வெளியூரில் அடித்த கோல் கணக்கில், வெளியேறினார்கள். மெக்லேன் சத்தமில்லாமல் இன்னொரு அணி கட்டினார், 1993-94இல் ரேஞ்சர்ஸ், அபர்டீன், அடுத்து மதர்வெல் என்று மூன்றாவது, முதலிடத்துக்கும் இவர்களுக்கும் நான்கே புள்ளி. என்னைக் கேட்டால் கோப்பையைவிட இது பெரிய வேலை. கோப்பைக்கு ஆறு ஏழு நல்ல நாள் போதும், லீக்குக்கு 44 ஆட்டம். அந்தக் கோடையில் விலகிப் போய்விட்டார்.

அதன் பிறகு சீக்கிரம் சொல்லிவிடலாம். ஹார்ட்ஸில் ஒரே சீசன், 1995இல் வேலை போயிற்று. அதற்கு முன், அந்த மார்ச் மாதம், ஒரு பயிற்சிப் படப்பிடிப்பின்போது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு டேவி கூப்பர் இறந்துபோனார், வயது 39. 1996 செப்டம்பரில் மெக்லேன் ரைத் ரோவர்ஸ் மேனேஜரானார், இருந்தது ஒரு வாரம்! ஒரு வாரத்தில் டண்டீ யுனைடெட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே சேர்மன் ஜிம் மெக்லேன். ரைத் ரசிகர்கள் திட்டித் தீர்த்திருப்பார்கள், நியாயம்தான், ஆனால் அந்த அண்ணன் கூப்பிட்டால் மறுக்கக்கூடிய தம்பியை எனக்குக் கற்பனை செய்யத் தெரியவில்லை. தடுமாறிக்கொண்டிருந்த அணிக்கு நார்டிக் நாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, அந்த சீசனிலேயே மூன்றாம் இடத்தில் முடித்தார். 1997 நவம்பரில் லீக் கோப்பை இறுதிப்போட்டியில் செல்டிக்கிடம் 3-0 தோல்வி, 1998 செப்டம்பரில் ராஜினாமா. ஜிம் 2000இல் ஒரு டிவி நிருபரைத் தாக்கிவிட்டு சேர்மன் பதவியைத் துறந்தது தனிக் கதை.

மதர்வெல்லின் ஃபர் பார்க் மைதானத்தில் இப்போது ஒரு ஸ்டாண்டுக்கு டேவி கூப்பர் பெயர். இன்னொன்றுக்கு ஃபில் ஓ'டானல் பெயர். ஓ'டானல் செல்டிக், இங்கிலாந்து என்று போய்விட்டுத் திரும்பி வந்து மதர்வெல் கேப்டனாக இருந்தபோது, 2007 டிசம்பர் 29 அன்று அதே மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து இறந்தார், வயது 35. அன்று எதிரணி டண்டீ யுனைடெட்.

ஒரு பெயரைச் சொல்ல விட்டுவிட்டேன். 1993இல் மெக்லேன் செயின்ட் மிரன் அணியிலிருந்து ஒரு நடுக்கள ஆட்டக்காரரை வாங்கியிருந்தார், பெயர் பால் லாம்பர்ட். அடுத்த வருடம் மதர்வெல் ஐரோப்பாவில் பொருசியா டார்ட்மண்டோடு மோதியது, தோற்றது, மெக்லேன் அதற்குள் கிளம்பியிருந்தார். 1996இல் லாம்பர்ட் அதே டார்ட்மண்டுக்கு ஆடப் போனார். 1997 மே 28, மியூனிக், சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி, எதிரணி யுவென்டஸ். அரை மணி நேரம் ஆகப்போகிறது. வலது பக்கத்தில் பந்து லாம்பர்ட்டிடம் வருகிறது, ஒரு கிராஸ் கொடுக்கிறார், கார்ல்-ஹைன்ஸ் ரீட்லே அதை அடக்கி வலைக்குள் அனுப்புகிறார். கோல் பட்டியலில் ரீட்லேயின் பெயர் இருக்கிறது.